மகள் அடைபட்ட மடத்துக்குப் போகிறேன் என்கிறாள்

கேள்வி: எங்களுக்கு ஒரு மகள், ஒரு மகன். மகளுக்கு 23 வயது. பி.காம். முடித்துவிட்டு ஒரு தனியார் வங்கியில் வேலை பார்க்கிறாள். மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வரன் பார்க்கத் தொடங்கிய நேரத்தில், "எனக்குக் கல்யாணம் வேண்டாம், அடைபட்ட கார்மேல் மடத்தில் சேரப் போகிறேன்" என்று சொல்லிவிட்டாள். கன்னியாஸ்திரிகள் வெளியே வராமல் உள்ளேயே செபித்து வாழும் மடம் அது. நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள்தான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி நடத்தும் சிஸ்டர்களோடு சேர்கிறேன் என்றால் மனது ஒத்துக்கொள்ளும். இங்கே போய் சும்மா உள்ளே உட்கார்ந்து என்ன செய்வாள்? உள்ளே போனால் பிணமாகத்தான் வெளியே வர முடியும் என்கிறார் என் நாத்தனார். வாய் திறந்து பேசவே கூடாதாம், அவரவர் குழியை அவரவரே தோண்டி வைக்க வேண்டுமாம். காதல் தோல்வியாகத்தான் இருக்கும் என்கிறார் மாமியார். என் வீட்டுக்காரர் ஒரு மாதமாக மகளிடம் பேசுவதில்லை. இவளுக்கு மன அழுத்தம் ஏதாவது இருக்குமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. கல்யாணத்துக்கென்று சேர்த்த 25 பவுன் நகையை மடத்துக்குக் கொடுக்க வேண்டியிருக்குமா? நான் இவளைத் தடுக்கவா, விடவா?

— பெயர் வெளியிட விரும்பாத தாய், தூத்துக்குடி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தடுக்கவும் வேண்டாம், இன்றைக்கே சம்மதம் சொல்லவும் வேண்டாம். நீங்கள் நினைப்பதுபோல் இது அடுத்த மாதம் முடிந்துவிடுகிற காரியம் இல்லை. கன்னியர் இல்லங்களிலும் குருமடங்களிலும் சேர வருகிறவர்களிடம் பேசி, மனநல மதிப்பீடு எழுதிக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அடைபட்ட மடத்தின் கதவு உள்ளே போகிறவளுக்குத்தான் கடினம். வெளியே வர நினைப்பவளுக்குப் பல வருடங்கள் அது திறந்தே இருக்கிறது. உங்கள் நாத்தனார் இதைத் தலைகீழாகக் கேள்விப்பட்டிருக்கிறார்.

2018ல் வத்திக்கான் 'கோர் ஓரான்ஸ்' என்ற வழிமுறை ஏட்டை வெளியிட்டது. உலகம் முழுவதும் உள்ள அடைபட்ட மடங்களுக்கு அது பொருந்தும். அதன்படி சேர விரும்பும் பெண் குறைந்தது ஒரு வருடம் மடத்தோடு பழகிப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு வருடம் ஆயத்த நிலை. பிறகு இரண்டு வருடம் நவசந்நியாசம் என்ற பயிற்சிக் காலம். அதன்பின் எடுப்பது தற்காலிக வார்த்தைப்பாடு, அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுக்கும் துறவற வாக்குறுதி. அதில் குறைந்தது ஐந்து வருடம் இருக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், வாழ்நாள் முழுவதற்குமான இறுதி வார்த்தைப்பாட்டுக்கு ஒன்பது வருடமாவது ஆகிறது. இன்று 23 வயதுள்ள உங்கள் மகள் அந்த நாளைப் பார்க்கும்போது அவளுக்கு 32 இருக்கும். நவசந்நியாசி எந்த நாளிலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். தற்காலிக வார்த்தைப்பாட்டின் காலம் முடிந்ததும் புதுப்பிக்காமல் வந்துவிடலாம். திருச்சபைச் சட்டத்தில் எழுதி வைத்த உரிமை இது, மடத்துத் தலைவியான மதர் பார்த்துத் தரும் சலுகை என்று நினைக்காதீர்கள். இறுதி வார்த்தைப்பாட்டுக்குப் பிறகும் ரோமையிடம் விண்ணப்பித்து விலக்குப் பெற வழி உண்டு. அது லேசில் நடக்காது, நடக்கவே நடக்காது என்றும் இல்லை. மடமும் அவளை எடைபோடும். வேண்டாம் என்று அனுப்பிவிடவும் செய்யும்.

எந்த அச்சுறுத்தலாலோ வற்புறுத்தலாலோ ஒரு பெண் நவசந்நியாசத்தில் சேர்ந்தால் அந்தச் சேர்க்கையே செல்லாது. அதே சட்டத் தொகுப்பு, வாழ்க்கை நிலையைத் தேர்ந்துகொள்வதில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. இது உங்கள் வீட்டுக்காரருக்கும் பொருந்தும். அவர் பேசாமல் இருப்பது மகளின் முடிவை மாற்றப்போவதில்லை. வீட்டில் தன் பேச்சைக் கேட்க ஆளில்லை என்று அவளுக்குத் தோன்றினால் அவள் சீக்கிரம் கிளம்பத்தான் பார்ப்பாள். முதலில் அவரைப் பேச வையுங்கள். கோபமாகப் பேசினாலும் பரவாயில்லை.

நாத்தனார் சொல்வதை முழுப் பொய் என்று நான் தள்ளிவிட மாட்டேன். அந்தப் பேச்சுக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. 1298ல் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் துறவறப் பெண்கள் எல்லாரும் அடைப்புக்குள்தான் இருக்க வேண்டும் என்று ஆணையிட்டார். 1563ல் ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் அதை இன்னும் இறுக்கியது. அந்தக் காலத்து இத்தாலியில், முக்கியமாக வெனிஸ் நகரத்தில், பெரிய வீட்டுக்காரர்கள் எல்லா மகள்களுக்கும் சீதனம் கொடுத்துக் கட்டிக்கொடுக்க முடியாமல் சிலரை மடத்தில் தள்ளினார்கள். அப்படித் தள்ளப்பட்ட ஆர்காஞ்சலா தாராபொத்தி என்ற வெனிஸ் கன்னியாஸ்திரி, பெண்களை இப்படி அடைத்துப்போடும் தகப்பன்மார்களைக் கடுமையாகக் கண்டித்து 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். பெண்ணைக் கட்டாயப்படுத்தி மடத்தில் சேர்ப்பவர்களுக்குத் திரிதெந்து சங்கம் திருச்சபையைவிட்டு விலக்கும் தண்டனையை விதித்திருந்தும் அந்த அநியாயம் நடந்தது. அதை மூடி மறைக்கத் தேவையில்லை. அந்தப் பெண்களை வீட்டார் தள்ளினார்கள். உங்கள் வீட்டிலோ மகள் போகிறேன் என்கிறாள், வீட்டார் மறிக்கிறீர்கள். அவர்கள் கதையை இவள்மேல் போட முடியாது.

குழி தோண்டுவது, சவப்பெட்டியில் தூங்குவது எல்லாம் கட்டுக்கதை. படுக்கை எளிமையான கட்டில்தான். இறுதி வார்த்தைப்பாட்டின்போது சகோதரி தரையில் முகங்குப்புறப் படுத்திருக்க, சுற்றி நிற்பவர்கள் புனிதர்களின் மன்றாட்டு மாலையைப் பாடுவார்கள். முற்காலத்தில் சில சபைகளில் அவர்மேல் கறுப்புத் துணி போர்த்தும் வழக்கமும் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் ஊருக்குப் போய்ச் சாவுச் சடங்கு என்று சொல்லியிருப்பார்கள். குருப்பட்டத்திலும் இதேபோல்தான் படுக்கிறார்கள். நம் பங்கில் பார்த்திருப்பீர்கள்.

பேசாமல் இருப்பதைப் பற்றி. மௌனம் உண்டு, ஆனால் ஊமையாக்கும் மௌனம் கிடையாது. வேலை நேரத்தில் தேவையானதை மட்டும் பேசுவார்கள். இரவுச் செபத்திலிருந்து காலை வரை பேச்சு கிடையாது. இன்றைய கார்மேல் மடங்களுக்கு வழிகாட்டிய அவிலா நகரத்துப் புனித தெரேசம்மாள், மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரமும் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசிச் சிரிக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதி வைத்தார். கையில் தையல் வேலை இருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும். திருநாட்களில் பாட்டும் நாடகமும் உண்டு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் பக்தி அவருக்குப் பிடிக்காது.

அந்தத் தெரேசம்மாள் ஏன் அடைபட்ட வாழ்வைக் கேட்டார் என்று தெரிந்தால் உங்கள் மகளையும் கொஞ்சம் புரிந்துகொள்வீர்கள். அவர் முதலில் இருந்த பெரிய மடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சகோதரிகள். பணக்கார வீட்டுப் பெண்களுக்குத் தனி அறை, சொந்த வேலைக்காரி. ஏழைப் பெண்களுக்குப் பொதுக்கூடம். நாள் முழுக்கப் பார்வையாளர்கள், ஊர்க்கதை. 1562ல் அவர் அவிலாவில் புனித யோசேப்பு மடத்தை ஆரம்பித்தபோது 13 பேர் போதும் என்றார். பிறகு 21 பேர் வரை என்று வைத்தார். எல்லாருக்கும் ஒரே உடை, ஒரே சாப்பாடு. தலைவியாக இருந்தபோது அவரும் பெருக்கினார், சமைத்தார். சமையலறையில் சட்டி பானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று தன் சகோதரிகளிடம் சொன்னவர் அவர்.

மடத்துக்கு மடம் நேரம் கொஞ்சம் மாறினாலும் ஒரு நாள் ஏறக்குறைய இப்படித்தான் போகும். விடியுமுன் எழுந்து காலைச் செபம். ஒரு மணி நேரம் மௌன தியானம். திருப்பலி. பிறகு வேலை. நடுப்பகலில் மறுபடி கோவில், சாப்பாடு, பேச்சு நேரம். பிற்பகலில் வேலை, வாசிப்பு. மாலைச் செபம், இன்னொரு மணி நேரத் தியானம், இரவு உணவு, பேச்சு நேரம், இரவுச் செபம். ஒரு நாளில் ஏழு முறை கோவிலில் கூடித் திருப்புகழ்மாலை சொல்வார்கள். இந்தச் செபம் நான்கு வாரச் சுற்றாக வரும்; அதில் திருப்பாடல் நூல் அனேகமாக முழுவதும் வந்துவிடும். கார்மேல் சகோதரிகள் இறைச்சி சாப்பிடுவதில்லை. செப்டம்பர் 14, திருச்சிலுவைத் திருநாளிலிருந்து பாஸ்கா (ஈஸ்டர்) வரை நோன்பு. நோயாளிக்கும் பலவீனமானவருக்கும் இதில் விலக்கு உண்டு.

சும்மா உட்கார்ந்திருப்பாள் என்ற கவலையை விடுங்கள். மடம் தன் சாப்பாட்டைத் தானே சம்பாதிக்க வேண்டும். பல மடங்களில் பங்குகளுக்கு வேண்டிய ஓஸ்தியை, அதாவது திருப்பலியில் கொடுக்கும் அப்பத்தை, செய்கிறார்கள். கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் கரைத்து, சூடான இரும்புத் தட்டுகளுக்கு நடுவில் ஊற்றி மெல்லிய தகடாகச் சுட்டு, உடையாமல் வெட்ட வருவதற்காகக் கொஞ்சம் ஈரப்பதம் ஏற்றி, வட்டம் வட்டமாக வெட்டி, கீறல் விழுந்ததைப் பொறுக்கி நீக்கி எண்ணிக் கட்டுவது நின்றுகொண்டே செய்யும் வேலை. குருக்களின் திருவுடை தைக்கிறார்கள், மெழுகுவர்த்தி, ஜெபமாலை செய்கிறார்கள், தோட்டம் போடுகிறார்கள், வயதான சகோதரிகளைக் குளிப்பாட்டி ஊட்டுகிறார்கள். வங்கியில் வேலை பார்த்த உங்கள் மகளுக்கு மடத்தின் கணக்குப் புத்தகம் நிச்சயம் காத்திருக்கும்.

இருந்தாலும் உங்கள் கேள்விக்கு இதெல்லாம் முழுப் பதில் ஆகாது. ஓஸ்தி சுடுவதற்காக யாரும் அடைபட்ட மடத்துக்குப் போவதில்லை. மற்றவர்களுக்காகச் செபிப்பதே அவர்கள் தொண்டு. லிசியே நகரத்துக் குழந்தை தெரேசம்மாள் 15 வயதில், 1888ல், கார்மேலுக்குள் போனார். 24 வயதில் அங்கேயே காசநோயால் இறந்தார். நடுவில் ஒரு நாள்கூட மறைபரப்புக்கென்று வெளியே போகவில்லை. சீனாவுக்குப் போன ஒரு குருவுக்கும் ஆப்பிரிக்காவுக்குப் போன இன்னொருவருக்கும் கடிதம் எழுதினார், அவர்களுக்காகச் செபித்தார். 1927ல் திருத்தந்தை பதினோராம் பயஸ், கடல் கடந்து உழைத்த புனித சவேரியாரோடு சேர்த்து இவரையும் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலராக அறிவித்தார். மடத்து வாசலில் பரீட்சை, குழந்தைப்பேறு, புற்றுநோய் என்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களை நின்று கவனியுங்கள். அதில் இந்துக்களும் முஸ்லிம்களும் இருப்பார்கள். செபத்தில் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் இந்த வாழ்க்கைக்குப் பொருள் இருக்கிறது. நம்பிக்கை ஆட்டம் காணுகிறது என்றால் அதை மகளிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள்; அவள் என்ன பதில் சொல்கிறாள் என்று கேட்பது உங்கள் இருவருக்கும் நல்லது.

இனி என் துறைக்கு வருகிறேன். காதல் தோல்வியால் போகிறாளோ, மன அழுத்தமோ என்ற கேள்வி நியாயமானது. காயத்தோடு ஓடி வருகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அடைபட்ட மடம் மிகவும் தவறான இடம். வெளியே நமக்கு மனது சரியில்லை என்றால் சினிமா, போன், கடைவீதி என்று எங்காவது ஒதுங்கிக்கொள்ளலாம். அங்கே அதே பத்திருபது முகங்கள், வருடக்கணக்கில். பக்கத்தில் நிற்பவர் துணி துவைக்கும்போது அழுக்குத் தண்ணீர் தன் முகத்தில் தெறித்ததையும், அதைப் பொறுத்துக்கொள்ளத் தான் பட்ட பாட்டையும் குழந்தை தெரேசம்மாளே எழுதியிருக்கிறார். மௌனம் ஆறாத புண்ணை ஆற்றாது. அதைக் கிளறிவிடும்.

ஆகவே மகளைக் கவனியுங்கள், துருவித் துருவி விசாரிக்காமல். தூக்கம், சாப்பாடு எப்படி? முன்பு பிடித்தவை இப்போதும் பிடிக்கிறதா? தோழிகளோடு சிரிக்கிறாளா, எல்லாரையும் ஒதுக்கிவிட்டாளா? மடத்தைப் பற்றிப் பேசும்போது முகம் மலர்கிறதா, அல்லது கல்யாணத்தையோ, வேலையையோ, ஏதோ ஒரு மனிதரையோ விட்டுத் தப்பிக்கும் பேச்சாக இருக்கிறதா? தான் பாவி, தண்டிக்கப்பட வேண்டியவள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாளா? "செத்துப்போகலாம்" என்ற பேச்சு வருகிறதா? கடைசி இரண்டில் ஒன்று இருந்தாலும், பசியும் தூக்கமும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தாலும், மடத்துப் பேச்சை ஒத்திவைத்துவிட்டு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மடத்தில் சேர்வதற்கு எதிராக இதைச் செய்யவில்லை என்று அவளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டு அழைத்துப் போங்கள். பொறுப்பான மடமும் சேர்ப்பதற்கு முன் மருத்துவச் சான்றையும் மனநல மதிப்பீட்டையும் கேட்கும். கேட்காமல் "உடனே வந்துவிடு" என்று அவசரப்படுத்தும் இடம் இருந்தால் அதை நான் நம்ப மாட்டேன்.

வேலைக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டு, தம்பியோடு சண்டை போட்டுச் சமாதானமாகி, வீட்டில் வழக்கம்போல் இருந்துகொண்டே இதைச் சொல்கிறாள் என்றால் நோய் என்று பெயர் வைக்காதீர்கள். படிப்பறிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கலிலேயாவில் பிறந்து வீட்டு வேலைக்காரியாக இருந்த மரியம் பவார்தி 1870ல் மங்களூரில் கார்மேல் தொடங்க வந்தவர்களில் ஒருவர். அங்கேதான் வார்த்தைப்பாடு கொடுத்தார். 2015ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஜெர்மனியில் தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய எடித் ஸ்டெய்ன் கொலோன் கார்மேலில் சேர்ந்தபோது அவருக்கு 42 வயது.

இதுவரை சொன்னது பயங்களைப் பற்றி. உண்மையான இழப்பு ஒன்று இருக்கிறது, அதை நான் உங்களிடம் மறைக்கக் கூடாது. நீங்கள் படுக்கையில் விழும்போது உங்கள் மகள் ஓடி வந்து கஞ்சி வைத்துக் கொடுக்க மாட்டாள். தம்பி கல்யாணத்துக்கு வர மாட்டாள். மருத்துவம், ஓட்டுப் போடுவது போன்ற காரணங்களுக்கு வெளியே வருவார்கள். பெற்றோரின் சாவுக்கு அனுமதிப்பது மடத்தைப் பொறுத்தது. பல இடங்களில் வருவதில்லை. நீங்கள் போய்ப் பார்லரில், அதாவது கம்பித் தடுப்பு வைத்த பார்வையாளர் அறையில், பார்த்துப் பேசலாம், பெரும்பாலும் மாதம் ஒரு முறை. திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் பல மடங்களில் அதுவும் இல்லை. கடிதம் எழுதலாம்.

குழந்தை தெரேசம்மாளின் அப்பா லூயி மார்ட்டின் 1889ல் மனநிலை பாதிக்கப்பட்டு மூன்று வருடம் மருத்துவமனையில் இருந்தார். மூன்று மகள்கள் கார்மேலுக்குள் இருந்தார்கள். ஒருவராலும் போய்ப் பார்க்க முடியவில்லை. மகள்கள் போன துக்கத்தில்தான் அவருக்குப் புத்தி பேதலித்தது என்று ஊர் பேசியது. அதையும் அந்தப் பிள்ளைகள் தாங்கினார்கள். இன்னொரு மகள் செலினுக்கும் கார்மேலுக்குப் போகத்தான் ஆசை. அப்பாவை விட்டுப் போகாமல் கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்டார். 1894 ஜூலையில் அப்பா இறந்தார், செப்டம்பரில் செலின் மடத்தில் சேர்ந்தார். போனவர்களுக்கும் காத்திருந்தவருக்கும் ஒரே அழைப்புதான் இருந்தது.

எடித் ஸ்டெய்னின் அம்மா யூதர், தன் மகள் கத்தோலிக்கத் துறவியாவதைத் தாங்க முடியாமல் அழுதார். எடித் மடத்திலிருந்து வாரந்தோறும் கடிதம் எழுதினார். வெகுநாள் பதிலே வரவில்லை. பிறகு மற்றொரு மகள் எழுதும் கடிதத்தின் அடியில் அம்மா ஓரிரு வரி சேர்க்க ஆரம்பித்தார். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மகளோடு உட்காரும்போது குழி, சவப்பெட்டி, பூட்டு என்று வாதாடாதீர்கள். அவள் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பாள், நீங்கள் தோற்றுப்போவீர்கள். "எனக்கு வயதாகும்போது நீ பக்கத்தில் இருக்க மாட்டாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். அதற்கு அவள் சொல்லும் பதிலில் அவள் எவ்வளவு முதிர்ந்திருக்கிறாள் என்பது தெரியும். கேட்டு அவளும் கலங்கினால், அவள் மனம் மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு நீங்களும் வீட்டுக்காரரும் அவளோடு அந்த மடத்துக்குப் போய்வாருங்கள். மடத்துத் தலைவியிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: இப்போது எத்தனை சகோதரிகள் இருக்கிறார்கள், இளையவர்கள் உண்டா? உடம்பு சரியில்லை என்றால் எந்த ஆஸ்பத்திரி? சமீப வருடங்களில் வந்து சேர்ந்து திரும்பிப் போனவர்கள் உண்டா, எப்படி அனுப்பினீர்கள்? பெற்றோர் சாகக் கிடந்தால் உங்கள் வழக்கம் என்ன? கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து நேரான பதில் வருகிறதா என்று பாருங்கள். திரும்பிப் போனவர்களைப் பற்றி மரியாதையோடு பேசும் மதரை நான் நம்புவேன். மகளையும் ஒரு வருடம் வேலையை விடாமல் அந்த மடத்தோடு பழகச் சொல்லுங்கள். அது நீங்கள் கேட்கக்கூடிய நியாயமான கோரிக்கை.

நகை விஷயம். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் அடைபட்ட மடங்களில் சேரும் பெண் சீதனம் கொண்டுவர வேண்டும் என்று இருந்தது. 1983ல் வந்த இப்போதைய தொகுப்பில் அந்த விதியே இல்லை. முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் தன் பெயரில் உள்ள சொத்தை யார் நிர்வகிப்பது என்று அவள் எழுதிக் கொடுப்பாள். அது நீங்களாகவே இருக்கலாம். இறுதி வார்த்தைப்பாட்டுக்கு முன்புதான் உரிமையைத் துறப்பது, உயில் எழுதுவது எல்லாம். அதனால் 25 பவுனை விற்கவும் வேண்டாம், தம்பிக்கு மாற்றவும் வேண்டாம், மடத்துக்குக் கொடுக்கவும் வேண்டாம். உங்கள் மகள் பெயரில் வங்கி லாக்கரில் இருக்கட்டும். நடுவில் அவள் திரும்பி வந்தால் கையில் ஏதாவது வேண்டும். அங்கே உழைத்ததற்குக் கூலி கேட்கச் சட்டத்தில் இடமில்லை. வெளியேறுகிறவரிடம் மடம் நியாயத்தோடும் அன்போடும் நடக்க வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. அப்படி வந்தால் "அப்போதே சொன்னேனே" என்று வீட்டில் ஒருவரும் சொல்லக் கூடாது. உங்கள் மாமியாரிடமும் நாத்தனாரிடமும் இதை இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.